ஞானஸ்நானச் சீட்டைத் தின்ற மணப்பெண்

ஜப்பான்காரன் காலத்தில் ஊர் பார்க்கவென்று ஒருவரும் பாலம் தாண்டி ஜொகூருக்குப் போனதில்லை. நானும் ஊர் பார்க்கப் போகவில்லை. சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர் மாற்றியிருந்த நாட்களில், எங்கள் கோயில் பிரெஞ்சுச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, ஒரு பெண்ணைக் கூலாயிலிருந்து உலு திராமுக்குக் கூட்டிக்கொண்டு போய், கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டு வா என்றார். நான் அந்தக் கோயிலின் கிளாக்கர். யாழ்ப்பாணத்தான். ஞானஸ்நானப் புத்தகம், கல்யாணப் புத்தகம், மரணப் புத்தகம் மூன்றும் என் பொறுப்பு. மூன்றாவதுதான் அந்த வருசங்களில் மளமளவென்று நிறைந்துகொண்டிருந்தது.

விசயம் இதுதான். உலு திராம் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர்ப் பால் மரம் வெட்டுகிற ஆரோக்கியசாமியின் பெயர், சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிற பட்டியலில் ஏறிவிட்டது. சயாமுக்கு ஆள் ஏற்றிப்போன லாரி திரும்பும். ஆள் திரும்பி ஒருவரும் கண்டதில்லை. கல்யாணமானவனை இந்த முறை விட்டுவிடுவார்கள் என்று தோட்டத்துக் கிராணி சொல்லியிருக்கிறார். அவர்தான் அங்கே ஆபீசில் பேரேடு எழுதுகிறவர், பட்டியலும் அவர் கையில். லாரி வருவது திங்கட்கிழமை. நான் புறப்பட்டது வியாழக்கிழமை.

பெண் லூர்தம்மா, கூலாய்த் தோட்டத்துச் சவரிமுத்துவின் மகள். அவளுடைய ஞானஸ்நானச் சீட்டு இல்லாமல் எந்தச் சாமியாரும் தாலியை எடுத்துக் கொடுக்கமாட்டார். பதிவு எங்கள் புத்தகத்தில் இருந்தது. பார்த்துப் பிரதி எடுத்தேன். பிரதி எடுப்பதில் நான் சரியான கெட்டிக்காரன், ஒரு புள்ளி பிசகாது. பழைய சாமியார் லத்தீனில் எழுதிவைத்திருந்ததை அப்படியே எழுதி, கீழே இங்கிலீசிலும் போட்டு, கோயில் முத்திரையைக் குத்திச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எழுதும்போது எழுத்தைத்தான் பார்த்தேன், பொருளை யோசிக்கவில்லை. மடையன் என்று என்னை நானே திட்டிக்கொண்டது பிறகுதான்.

சரக்கு ரயிலில் மரவள்ளி மூட்டைகளுக்கும் ஓர் ஆட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து போனேன். எங்கள் கடிகாரமெல்லாம் அப்போது தோக்கியோ நேரம் காட்டியதால், காலை ஏழரை மணிக்கும் இருட்டாகவே இருந்தது. ஆடு மட்டும் பழைய நேரப்படி விடிந்ததும் கத்தியது.

கூலாயில் சவரிமுத்து சைக்கிளோடு நின்றார். டயருக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாயை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம், அதற்கு நடுவில் டயருக்குப் பஞ்சம். பின்னால் உட்கார்ந்துபோன மூன்று மைலில் என் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கழன்றது. அவர் மிதித்தபடியே, "சிலோன்காரவங்க நம்ம லயத்துக்கு வர்றது இதான் மொத தடவ" என்றார். உண்மைதான். எங்கள் கோயிலில் முன் பெஞ்சு யாழ்ப்பாணத்தாருக்கு, நடுப் பெஞ்சு மலையாளத்தாருக்கு, பின் பெஞ்சு தோட்டத்துச் சனத்துக்கு. யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஒருவரும் பிசகி உட்கார்ந்ததில்லை. பூசையில் மட்டும் எல்லோரும் ஒரே குடும்பம் என்று சாமியார் சொல்லுவார், நாங்கள் முன் பெஞ்சிலிருந்து தலையாட்டுவோம்.

லயம் என்கிற அந்த வரிசை வீடுகளின் வாசலில் ஒரு சீனப் பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். "என்னப்பா இது, ஐயாவை இப்பிடியா சேத்துல இறக்கி விடுறது? கால் கழுவத் தண்ணி எடுத்து வச்சேனே, கண்ணுல படலையா?" என்று சவரிமுத்துவைக் காய்ச்சினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவள்தான் லூர்தம்மா.

அந்தக் காலத்து மலாயாவில் இது அதிசயமில்லை. பெண் பிள்ளை கூடிப்போன சீனக் குடும்பம், பிள்ளையில்லாத தமிழ் வீட்டில் கைக்குழந்தையைக் கொடுத்துவிடும். தோட்டத்துக்கு ஒன்றிரண்டு பேர் இப்படி வளர்ந்தார்கள். தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஜப்பான்காரன் வரும்வரைக்கும் யாரும் அதைப் பற்றி நினைத்ததுகூட இல்லை. அவன் வந்து சீனர்களை லாரி லாரியாகப் பிடித்துக்கொண்டு போனபிறகுதான் ஒருவருடைய முகத்தை இன்னொருவர் உற்றுப் பார்க்கத் தொடங்கினோம்.

சாப்பாடு மரவள்ளிக் கிழங்கு, மரவள்ளி மாவில் தோசை, மரவள்ளி இலைச் சுண்டல். செம்பனை எண்ணெயில் எல்லாம் சிவந்து கிடந்தது. ஊரில் என் அம்மா மரவள்ளியைச் சம்பலோடு தருவாள், அது ஆசைக்குத் தின்பது. இது வேறு. ஆனாலும் லூர்தம்மாவின் கை ருசி நல்ல கை ருசி, இரண்டு தரம் வாங்கினேன்.

சாப்பிட்டதும் சவரிமுத்து சீட்டை வாசித்துக் காட்டச் சொன்னார். நானும் பெருமையோடு தமிழாக்கி வாசித்தேன். லூர்து மரியாள், பெற்றோர் சீனர், அஞ்ஞானிகள், பெயர் அறியப்படவில்லை, சவரிமுத்து என்பவர் எடுத்து வளர்க்கிறார். சவரிமுத்து எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஐயா, இந்தக் காயிதம் இல்லாட்டி கோயில்ல கட்டி வைக்க மாட்டாங்க. இந்தக் காயிதம் இருந்தா வழியில விட மாட்டாங்க. நீங்க எனக்கு ஒத்தாசைக்கு வந்தீங்களா, இல்ல புடிச்சுக் குடுக்க வந்தீங்களா?" என்று கேட்டாள் லூர்தம்மா.

அந்தப் புத்தகத்தில் உள்ளதைத்தான் எழுதினேன் என்றேன். அது எனக்கே நல்லாயில்லை.

வெள்ளிக்கிழமை காலை சீட்டை வாழையிலையில் சுற்றி, தூக்குச் சட்டியின் நடு அடுக்கில் வைத்து, மேலே மரவள்ளிப் புட்டைக் கொட்டி அமுக்கினார் சவரிமுத்து. மேல் அடுக்கில் நெத்திலிச் சம்பல். வெள்ளிக்கிழமை என்பதால் மாமிசம் இல்லை, இருந்தால்தானே.

கரி பஸ்ஸில் போனோம். பின்பக்கம் அடுப்பு, அதில் கரி, அதன் புகையில் வண்டி ஓட வேண்டும். இறக்கத்தில் ஓடியது. ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும், பெண்கள் அடுப்புக்கு விசிற வேண்டும். மூன்றாவது ஏற்றத்தில் வண்டி பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர், ஒரு மலாய்க்காரர், மரத்தடியில் படுத்துக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நாங்கள் நடந்தோம். சந்தி முனையில் சோதனைச் சாவடி.

இடுப்பு வரை குனிந்து கும்பிட்டோம். ஜப்பான் சிப்பாய் என்னைப் பார்த்தான், சவரிமுத்துவைப் பார்த்தான், லூர்தம்மாவைப் பார்த்ததும் துப்பாக்கியை நிமிர்த்தினான். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினான். யார் இந்தியர், யார் இல்லை என்று சொல்வதற்கென்று அங்கே இந்தியர் சங்கத் தொண்டர் ஒருவரை வைத்திருந்தார்கள். வந்தவர் ஒரு பஞ்சாபிக்காரர். தமிழில் ஒரு சொல் தெரியாது.

லூர்தம்மா அவரிடம் தமிழில் விடாமல் கதைத்தாள். தன் பெயர், அப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், தான் வெட்டும் மரங்களின் வரிசை, மாப்பிள்ளையின் ஊர் எல்லாம் சொன்னாள். தொண்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது சீன மொழியா தமிழ் மொழியா என்று மலாயில் என்னைக் கேட்டார். தமிழ் என்றேன். அதற்கு என்ன சாட்சி என்றார். அப்படி ஒரு கேள்வியை நான் என் ஆயுளில் கேட்டதில்லை.

சிப்பாய்க்கு ஒரு வழி தோன்றியது. தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்து லூர்தம்மாவின் கையில் கொடுத்தான். சீனச்சி என்றால் குச்சியால் சாப்பிடுவாள், இந்தியப் பெண் என்றால் கையால் சாப்பிடுவாள். தூக்குச் சட்டியைத் திற என்று சைகை காட்டினான்.

அவள் கைக்கு ஒரு குச்சியாகப் பிடித்துக்கொண்டு மேளம் அடிக்கிறவள்போல முழித்தாள். அது போதும், நாங்கள் தப்பியிருப்போம். ஆனால் என் புத்தி இருக்கிறதே. கோயிலுக்கு எதிர்ச் சீனக் கடையில் பத்து வருசம் குச்சியால் மீ நூடுல்ஸ் தின்றவன் நான். ஒரு பிள்ளை தவறாகப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "இப்பிடிப் பிடிக்கிறேல்லை பிள்ளை, இஞ்ச பார்" என்று குச்சியை வாங்கி, ஒரு நெத்திலியை வடிவாகத் தூக்கி வாயில் போட்டேன்.

சிப்பாயும் தொண்டரும் என்னை ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். சவரிமுத்து தலையில் அடித்துக்கொண்டார்.

தொண்டர் என்னை விசாரித்தார். எந்த ஊர் என்றார். இலங்கை என்றேன். இலங்கை இந்தியாவில் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன், பொய் சொல்லிப் பழக்கமில்லை. பிறகு எப்படி நீ இந்தியன் என்றார். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது நாங்கள் இந்தியக்காரரோடு எங்களைச் சேர்த்துச் சொன்னால் சண்டைக்குப் போவோம். அந்தச் சந்தியில் நின்று, ஐயா, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மலாயில் கெஞ்சினேன்.

அதற்குள் லூர்தம்மா கையால் சாப்பிடத் தொடங்கிவிட்டாள். சம்பலைப் புட்டில் கொட்டிப் பிசைந்தாள். சிப்பாய் குனிந்து அவள் விரல்களையே பார்த்தான். புட்டு குறைந்துகொண்டே வந்தது. அடியில் வாழையிலை அவிழ்ந்து காகிதத்தின் மூலை தெரிந்தது. என் கையெழுத்து. தொண்டருக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியும்.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காகிதத்தைப் புட்டோடு சேர்த்துக் கிழித்தாள், சம்பலில் தோய்த்தாள், உருட்டினாள், வாயில் போட்டாள். மென்றாள். அடுத்த உருண்டை. லத்தீன் போயிற்று, இங்கிலீசு போயிற்று, முத்திரையும் போயிற்று. கடைசியில் விரலையும் நக்கினாள். சிப்பாய் நிமிர்ந்து, தொண்டரைப் பார்த்துத் தலையசைத்தான். இந்தியப் பெண்தான்.

மூன்று பேருக்கும் சீட்டு எழுதி ஜப்பான் முத்திரை குத்தினார்கள். லூர்தம்மாவுக்கு இந்தியர். சவரிமுத்துவுக்கு இந்தியர். எனக்கு, இந்தியர், அடைப்புக்குறிக்குள் சந்தேகம்.

உலு திராம் வரைக்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. தோட்டத்து எல்லை வந்ததும் லூர்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள். பிறகு அழுதாள். கோயில் காகிதம் போயிடுச்சே ஐயா, இனி எப்பிடிக் கட்டி வைப்பாங்க என்றாள்.

சனிக்கிழமை காலை அந்தத் தோட்டத்துச் சின்னக் கோயிலில் ஆரோக்கியசாமி குளித்து, கோணிச் சாக்கில் தைத்த கால்சட்டையோடு நின்றான். லூர்தம்மாவைக் கண்டதும் கால்சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான். பேசியது அவனுடைய பெரியப்பா ராயப்பன், கோயில் தலைவர்.

பெண் சீனப் பெண் என்று அவருக்கு இவ்வளவு நாளும் ஒருவரும் சொல்லவில்லைபோலும். என்னைத் தள்ளிக்கொண்டுபோய், "கோயில்ல எல்லாரும் ஒண்ணுதான் கிளாக்கரையா. அதுல எனக்கு மறுப்பு இல்ல. கல்யாணம் கோயில் விசயம் இல்லீங்க, வீட்டு விசயம்" என்றார்.

நான் அவருக்குப் புத்தி சொல்ல வாயெடுத்தேன். முன் பெஞ்சு ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். சவரிமுத்து சாவடியில் கொடுத்த சீட்டை நீட்டினார். ராயப்பன் அதைத் தலைகீழாகப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். இந்தியர்னுதானே போட்டிருக்கு என்று கேட்டார். ஆம் என்றேன். சர்க்காரே சொன்ன பிறகு நான் யார் மறுக்க என்று உடனே இளகிவிட்டார். பிறகு சாட்சிக் கையெழுத்துக்காரன் என்ற முறையில் என் சீட்டையும் கேட்டார். அதை வாசித்துக் காட்டியபோது அவருக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை குறைந்ததைக் கண்டேன்.

இதற்குள் சாமியார் சைக்கிளில் வந்து இறங்கினார். சீனச் சாமியார். ராயப்பன் ஓடிப்போய் முழங்காலிட்டு அவர் கையை முத்தமிட்டார்.

சாமியார் தமிழைப் புத்தகத்திலிருந்து படித்தவர். செந்தமிழ் தவிர வேறு வராது. "அன்பரே, இந்த மகளின் ஞானஸ்நானச் சான்று எங்குளது?" என்றார். தின்றுவிட்டாள் என்றேன். அவர் தன் தமிழ்தான் தவறு என்று நினைத்து மறுபடி கேட்டார். மறுபடியும் தின்றுவிட்டாள் என்றேன்.

ஜப்பான் சீட்டு அவருக்குச் செல்லாது. பதிவைக் கண்ணால் கண்டவர் சத்தியம் செய்து, அதில் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்றார். கண்டவன் நான்தான். ஆனால் முதல் பெஞ்சில் கிராணி உட்கார்ந்திருந்தார். கல்யாணம் நடந்ததைக் கண்டால்தானே பட்டியலில் பெயரை அடிப்பார். அவருக்கு முன்னால் பெற்றோர் சீனர் என்று நான் வாயைத் திறந்தால், லூர்தம்மாவின் சீட்டு பொய்ச் சீட்டு என்று மாலைக்குள் சாவடிக்குப் போய்விடும்.

பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றேன். சாமியார் என்னைப் பலகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து வெளியே ஒரு காரியமும் செய்யக்கூடாது என்பது சட்டம். இனி அவர் என்னிடம் கேட்கவும் முடியாது, தெரிந்ததாகக் காட்டவும் முடியாது. நான் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றார். மடத்தனத்துக்கும் சேர்த்துப் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

எங்கள் சபை ஜப்பான் சர்க்காரைவிடப் பழையது, சிக்கலும் அதற்குப் பழக்கம். சீட்டும் சாட்சியும் இல்லாமல், முன்பு ஞானஸ்நானம் பெற்றாளா என்று சந்தேகம் இருந்தால் சந்தேக ஞானஸ்நானம் கொடுக்கலாம். முன்பே பெற்றிருந்தால் இது செல்லாது, பெறாதிருந்தால் இது செல்லும். சாமியார் தண்ணீர் கேட்டார். ஞானத்தகப்பன் வேண்டும் என்றார். ராயப்பன் மேற்கூரையைப் பார்த்தார். நான் முன்னே போய் நின்றேன். சந்தேக இந்தியன், சந்தேக ஞானத்தகப்பன். ஊரில் அம்மா கேள்விப்பட்டால் என்ன சொல்லுவாள் என்று நினைத்தேன், ஆனாலும் மனசுக்குள் சந்தோசமாயிருந்தது.

"மகளே, திருச்சபையிடம் நீ வேண்டுவது யாது?" என்றார் சாமியார். விசுவாசம் என்று சொல்ல வேண்டும். நான் அவள் காதில் ஓதுமுன்னே அவள் சொல்லிவிட்டாள்.

"கல்யாணம், சாமி."

சீனச் சாமியார் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினார். அதுவும் நன்று என்று சொல்லித் தண்ணீரை ஊற்றினார். பத்து நிமிசத்தில் தாலியும் ஏறியது.

கிராணி அங்கேயே மடியில் பட்டியலை விரித்து ஆரோக்கியசாமியின் பெயரை அடித்தார். நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம். பிறகு அவர் பென்சிலை நாக்கில் தொட்டு, கீழே வேறொரு பெயரை எழுதினார். தலை எண்ணிக்கை குறையக்கூடாது என்று உத்தரவாம். எங்கள் ஒருவருக்கும் அது முன்பு தோன்றவேயில்லை.

அது யாருங்க என்று லூர்தம்மாதான் கேட்டாள். மேட்டு லயத்து முனியாண்டி, ரப்பர் உலர்த்துகிற புகைக்கூடத்தில் வேலை, தாய் தகப்பன் இல்லை என்றார் கிராணி. ஆரோக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டான். இருவரும் ஒரே வயதாம், சேர்ந்து பந்து விளையாடுகிறவர்களாம்.

லூர்தம்மா என் பக்கம் திரும்பினாள். தலைமுடியில் தண்ணீர் இன்னும் காயவில்லை. "லாரி திங்கக்கிழமைதானே கிளாக்கரையா. நடுவுல ஒரு முழு நாள் இருக்கு. அவனுக்கும் ஒரு பொண்ணு பாத்துக் கட்டி வச்சிட்டுப் போங்க."

"அவன் சைவக்காரன், எங்கட வேதமில்லை, பிள்ளை" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். அந்த இரண்டு நாளும் பட்டதெல்லாம் பட்ட பிறகும் என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"லாரிக்கு அது தெரியுமா ஐயா?"

அன்று மாலையும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் சவரிமுத்துவும் மேட்டு லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். வேதக்காரன், அதிலும் சிலோன்காரன், எங்கள் பையனுக்குப் பெண் கேட்டு வருகிறானே என்று சனம் வேடிக்கை பார்த்தது. முனியாண்டி நெட்டையன், வெட்கக்காரன், எங்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளியே வந்தான். ஒரு வீட்டில் சாதி கேட்டார்கள், ஒரு வீட்டில் சாதகம் கேட்டார்கள். ஞாயிறு பொழுது சாயும் நேரத்தில் ஒரு தாய் சம்மதித்தாள். பெண்ணும் சம்மதித்தாள். கதவுக்குப் பின்னால் அவள் சிரித்ததை நான் கேட்டேன். முனியாண்டியும் கேட்டான்.

இப்போதே தாலியைக் கட்டிவிடலாம் என்றேன். அந்தத் தாய் பஞ்சாங்கம் பார்க்க ஆள் அனுப்பினாள். நல்ல நாள் பாராமல் கட்டினால் தாலி நிலைக்காது என்றாள். நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன், சவரிமுத்து காலில் விழுந்தார், அவள் அசையவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதல் நாள் கோயிலில் ஒரு காகிதத்துக்காக நாங்கள் பட்ட பாட்டை முனியாண்டி சன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறான்.

பஞ்சாங்கம் பார்த்தவர் வந்து புதன்கிழமைக்கு நாள் குறித்துக் கொடுத்தார். லாரி திங்கட்கிழமை காலையில் வந்தது.